பாதி ஏற்றத்தில் இறங்குகிறவள்

தூக்கிவிட்டார்கள், முன்னால் ஒருத்தர் பின்னால் ஒருத்தர், என்னமோ ஒரு சத்தம் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள், நான் சரியாக உட்கார்ந்தேனா சேலையைச் செருகினேனா என்று பார்ப்பதற்குள் கால் தரையை விட்டுப் போய்விட்டது, ஆத்தாடி என்று வாய்விட்டே கத்திவிட்டேன், பக்கத்தில் நின்ற சீனப் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். எடுத்துக்கொள் தாயே, மதுரையிலிருந்து வந்த ஒரு கிழவி சப்பரம் ஏறிப் போகிறாள், உன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பு. இரண்டு நீள மூங்கில், நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி, கால் வைக்க ஒரு சின்னப் பலகை, இவ்வளவுதான் வாகனம். எங்கள் ஊரில் சாமியைத் தூக்குவார்கள், செத்தவர்களைத் தூக்குவார்கள், நான் சாமியில்லை என்பது எனக்கே தெரியும், அதனால்தான் கீழே அவ்வளவு நேரம் மாட்டேன் மாட்டேன் என்று நின்றேன். மகன் மாறன் கேட்டால்தானே. முடிவு பண்ணிவிட்டால் அவனுக்குக் காது கேட்காது, அவன் அப்பா மாதிரியே. மலைக்கு ஹுவாங்ஷான் என்று பேர், மஞ்சள் மலை என்று அர்த்தமாம், எங்கே மஞ்சள் என்று வந்ததிலிருந்து தேடுகிறேன், பாறை சாம்பல், பைன் மரம் பச்சை, மிச்சமெல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். பாதி மலை வரைக்கும் ரோப் காரில் வந்தாயிற்று, பழனியில் போகிற மாதிரிதான், கொஞ்சம் பெரிசு. அதற்கு மேலே படிக்கட்டு. படிக்கட்டு என்றால் நாலு படி எட்டுப் படி இல்லை, பாறையை வெட்டி வானத்துக்குப் போட்ட படிக்கட்டு. அதன் முதல் படியில்தான் என் கால் நின்றுவிட்டது.

முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன். முட்டி வலி எவ்வளவு நல்ல வார்த்தை, எந்த அம்மாவுக்கு இல்லை, யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள், ஒரு தைலத்தை நீட்டுவார்கள், அதோடு சரி. என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கால் எழும்ப மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான், தரையில் பசை போட்டு ஒட்டின மாதிரி, தூக்கு தூக்கு என்று மண்டை சொல்கிறது, கால் எனக்கென்ன என்று இருக்கிறது. முதலில் கையெழுத்துத்தான் சுருங்கியது. பேங்கில் அந்தப் பெண் ஸ்லிப்பைத் திருப்பிக் கொடுத்து, என்னம்மா எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டிருக்கீங்க, பழைய கையெழுத்தோட ஒத்து வரலையே என்றாள். அங்கயற்கண்ணி என்று முழுசாக எழுதிப் பழகிய கை, பாதிப் பேருக்குள்ளேயே எழுத்து எள்ளு எள்ளாகப் போய்விட்டது. அப்புறம் வலது கை, சும்மா மடியில் வைத்திருந்தாலே பணம் எண்ணுகிற மாதிரி விரல் தானாக ஆடியது. டாக்டர் பொறுமையான மனுஷன். நடுக்குவாதம்மா, பார்க்கின்சன் என்று சொல்வோம், பயப்படாதீங்க, மாத்திரையில் ரொம்ப வருஷம் ஓட்டலாம், ஆனா கூட யாராவது இருக்கணும் என்றார். கூட யாராவது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் ஊரிலேயே விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். மகன் வீட்டில் இந்த ஒரு மாதமாகப் பெருங்காய வாசனையோடுதான் மாத்திரை விழுங்குகிறேன், மருமகள் கிருத்திகா, அத்தைக்குக் காயம்னா அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டுவிட்டு எல்லாவற்றிலும் தூக்கலாகப் போடுகிறாள். நல்ல பெண். வியாழக்கிழமை எனக்கு பிளைட். இங்கயே இருந்துரும்மா, அங்க தனியா என்ன பண்ணப் போற என்று மாறன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், நானும் இல்லப்பா, ஊர்ல வேலை கெடக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். என்ன வேலை கிடக்கிறது. பால்காரனுக்குக் கதவு திறக்கிற வேலை.

அடேயப்பா, என்ன வேகம். மாறன் அதற்குள் பின்தங்கிவிட்டான், அம்மா, பிடிச்சுக்கோ என்று எங்கிருந்தோ கத்துகிறான், மூச்சு வாங்குகிறது அவனுக்கு, இங்கே பொம்மையும் பையும் கொள்முதல் பண்ணி நம் ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிற வேலை, நாள் முழுக்கக் கார், ஆபீஸ், நூடுல்ஸ், தொப்பை எங்கிருந்து வராமல் இருக்கும். தூக்குகிறவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை, அல்லது வாங்குவதை வெளியில் காட்டவில்லை. முன்னால் போகிறவருக்கு ஐம்பது வயசு இருக்கும், கழுத்தில் துண்டு, துண்டுக்குக் கீழே தோளில் ஒரு தடிப்பு. பின்னால் இருப்பவரை என்னால் பார்க்க முடியவில்லை, படி ஏறும்போது அவருடைய மூச்சு மட்டும் என் பிடரிக்குப் பின்னால் வந்து வந்து போகிறது. எழுபத்தெட்டுக் கிலோ நான். கிருத்திகா கட்டிக் கொடுத்த இட்லியைக் காலையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு இட்லியோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனையோ வருஷமாகக் குறைக்கணும் குறைக்கணும் என்று சொன்ன சதையெல்லாம் இப்போது முன்பின் தெரியாத ஒரு மனுஷனுடைய தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, மகராசா மன்னித்துக்கொள், வெட்கமாக இருக்கிறது. இதோ படி செங்குத்தாக ஏறுகிறது. நாற்காலி பின்னால் சாய்கிறது, எனக்கு வானம்தான் தெரிகிறது. எனக்குத் தாங்கவில்லை. மூங்கிலைத் தட்டினேன். நிறுத்துங்க, நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்.

பழக்கம். சின்ன வயசில் எங்கள் ஊர்த் தெற்குவாசல் பாலத்து ஏற்றம் வந்தால் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிவிட வேண்டும், அது எங்கள் வீட்டுச் சட்டம். ரிக்‌ஷாக்காரர் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பிப்பார், அவர் இறங்குவதற்கு முன்னாலேயே அப்பா குதித்துவிடுவார், பின்னாலேயே நாங்கள் மூன்று பிள்ளைகள், அம்மாவும் கூடப் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். பாப்பா மட்டுமாவது ஒக்காரட்டும் சார், வெயிட்டு ஒண்ணுமில்ல என்பார் ரிக்‌ஷாக்காரர். வேணாம், அதுக்குக் கால் இருக்குல்ல என்பார் அப்பா. காலி ரிக்‌ஷாவுக்குப் பின்னால் நாங்கள் கல்யாண வீட்டு உடுப்போடு ஊர்வலமாகப் பாலம் ஏறுவோம், உச்சிக்கு வந்ததும் மறுபடி ஏறிக்கொள்வோம், இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்கும், எங்களுக்கு அது பெருமை. மற்றவர்கள் உட்கார்ந்தே ஏறுவார்கள், நாங்கள் இறங்குகிற குடும்பம். அதே பெருமையோடு இறங்கினேன் இந்தப் படியிலும். அவர்கள் இரண்டு பேரும் பதறிப்போய், சரிவில் மூங்கிலைச் சாயாமல் பிடித்து, ஒருத்தர் ஒரு படி கீழே ஒருத்தர் மூன்று படி மேலே முழங்காலை மடித்து என்னை இறக்கினார்கள், நான் எழுந்து நின்று, நீங்க வாங்க, நான் நடக்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, ஒரு அடி எடுத்து வைத்தால், வைத்தால் எங்கே, கால் வரவில்லை. காலி நாற்காலி, இரண்டு ஆள், படியில் சிலை மாதிரி நான். பின்னால் வந்தவர்களெல்லாம் தேங்கி நிற்கிறார்கள். எனக்கு வேர்த்தது. குளிரில் வேர்த்தது.

மாறன் ஓடி வந்தான், ஓடி என்று சொல்ல முடியாது, உருண்டு வந்தான். "என்னம்மா, ஏன் எறங்குன? தலை சுத்துதா?"

"ஏத்தமா இருக்குடா. பாவம் அந்த மனுஷங்க."

"அய்யோ அம்மா, அவங்களுக்கு நீ பாதியில எறங்குனாத்தான் கஷ்டம். எறக்கி மறுபடி தூக்குறதுல இடுப்பே போயிரும்ங்கறாங்க. பேசாம ஒக்காரு."

உட்கார்ந்தேன். முன்னவர் என்னமோ சொல்லிச் சிரித்தார், ஆயி ஆயி என்று காதில் விழுந்தது, அத்தை என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்களாம், எனக்கு எங்கள் தெருவில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. மறுபடி அந்தச் சத்தம், மறுபடி தூக்கல், மறுபடி அந்தத் தடித்த தோளில் என் எடை.

இடது பக்கம் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமே இல்லை, பனி, பனிக்குள் ஒரு பாறை நுனி, அந்த நுனியில் ஒரு பைன் மரம், மண் எங்கே இருக்கிறது, தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள், பாறையைப் பிளந்துகொண்டு நின்று பக்கவாட்டில் கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது அந்த மரம். கீழே பார்க்காதே. பார்த்தாயிற்று. இங்கே விழுந்தால் என்ன மொழியில் என்னைத் தேடுவார்கள். காற்று மார்புக்குள் புகுந்து முதுகு வழியாகப் போகிறது, என்ன குளிர், அழகைப் பார்த்து வாயைத் திறந்தால் பல் கட்டுகிறது. நேற்று ரயிலில் மாறன் கேட்டான், உடம்பு நல்லா இருக்குல்லம்மா, ஏதாவது இருந்தா சொல்லிரு என்று. நல்லா இருக்கேன் என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரங்க் கால் காலம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லைன் கிடைத்ததா, குரல் கேட்கிறதா என்று முதல் இரண்டு வார்த்தையை நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். மதுரையிலிருந்து பம்பாய், மதுரையிலிருந்து டில்லி, மணிக்கணக்காகக் காத்திருந்து, கத்திக் கத்தி, எல்லோரும் பேசிய முதல் வார்த்தை அதுதான். நல்லா இருக்கேன். இருமிக்கொண்டே ஒருத்தர் நல்லா இருக்கேன் என்பார். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த பி.சி.ஓ பூத்திலிருந்து ஒரு அம்மா நல்லா இருக்கேன்பா, நீ சாப்பிட்டியா என்பாள், எந்த பி.சி.ஓ என்று எனக்குத் தெரியும், அவள் மகனுக்குத் தெரியாது. பக்கத்து சீட் விக்டோரியா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள், இன்னொரு பொய்யை வெற்றிகரமா கனெக்ட் பண்ணிட்டோம்டி என்பாள். அப்போது சிரித்தோம். எல்லாக் குரலும் இருட்டில் கம்பி வழியாகப் போய்ச் சேர்ந்தது, சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனோம்.

மறுபடி ஏற்றம். இது முன்னதை விட மோசம், படி குறுகலாக, இரண்டு பாறைக்கு நடுவில், முன்னவருடைய கெண்டைக்கால் நரம்பு என் கண் மட்டத்துக்கு வந்துவிட்டது, முறுக்கிக்கொண்டு நடுங்குகிறது, நிஜமாகவே நடுங்குகிறது, நடுங்குவதைப் பற்றி எனக்குத் தெரியாதா. இறங்காதே, உட்கார், மாறன் சொன்னானே. உட்கார்ந்திருக்கிறேன். பின்னவருடைய மூச்சு இப்போது நன்றாகவே கேட்கிறது. உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்துதான் இருக்கிறேன், அப்பா பாலத்தின் அடியில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார், அதுக்குக் கால் இருக்குல்ல என்கிறார், என் கை அதன் பாட்டுக்கு மூங்கிலைத் தட்டிவிட்டது. எறங்கிக்கிறேங்க, கொஞ்ச தூரம்தான். இந்தத் தடவை அவர்கள் உடனே நிறுத்தவில்லை. முன்னவர் நாலு படி ஏறி, பாறை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் இறக்கினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சிரிக்கவில்லை. கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த மாறனைப் பார்த்து ஏதோ கேட்டார், சத்தமாக இல்லை, ஆனால் அது கேள்வி என்று எனக்கே புரிந்தது. மாறன் தலையைச் சொறிந்தான்.

"என்னடா சொல்றாரு? திட்டுறாரா?"

"திட்டலம்மா."

"அப்பறம் என்ன?"

"எங்க தோள் மேல உங்கம்மாவுக்கு நம்பிக்கை இல்லியான்னு கேக்குறாரு."

நம்பிக்கையா. அய்யோ, நம்பிக்கை இல்லாமலா. நான் இரக்கப்பட்டல்லவா இறங்கினேன், இது என்ன கூத்து, அவருடைய முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறார், நான் என்னவோ அவர் வேலையைக் குறை சொல்லிவிட்ட மாதிரி. இல்லைன்னு சொல்லுடா, எனக்கு அவங்க மேல நம்பிக்கை இருக்குன்னு சொல்லு என்றேன், மாறன் சொன்னான், அவர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். தூக்கினார்கள். பாறைகளுக்கு நடுவே இருட்டாக, ஈரமாக, பாசி வாசனையாக இருந்தது, எனக்கு அவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்தது, முன்னவருடையது இல்லை, என் வீட்டுக்காரர் கதிரேசனுடையது. வாதம் வந்து இடது பக்கம் விழுந்து மூன்று வருஷம் கட்டிலில் இருந்தார். நான்தான் எழுப்புவேன், குளிப்பாட்டுவேன், தோளைக் கொடுத்து நாற்காலிக்கு மாற்றுவேன். ஊரே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது, பாவம் அங்கயற்கண்ணி, தேய்ந்துவிட்டாள் என்று. எனக்கு அப்படி ஒன்றும் பாவமாக இல்லை, இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நடிக்கிறாள் என்பார்கள். வேலைக்குப் போன காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினதே கிடையாது, எனக்கு ஷிப்ட், அவருக்கு மின்வாரியம். அந்த மூன்று வருஷம்தான் அவர் முதுகில் எத்தனை மச்சம் என்று எனக்குத் தெரிந்தது. தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு, கயலு, வெந்நி பதமா இருக்குடி என்பார். அந்தச் சொல்லுக்காக இன்னும் பத்து வருஷம் ஊற்றியிருப்பேன். கனத்ததெல்லாம் அவர் உடம்பில்லை. ஒரு விடியற்காலை நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் பாத்ரூம் வாசலில் விழுந்து கிடக்கிறார், இடுப்பு முறிந்து. எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தானாக எழுந்து போயிருக்கிறார். ஒனக்குக் கஷ்டம் குடுக்க வேணாம்னு பாத்தேன் கயலு என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஆபரேஷன், நெஞ்சில் சளி, அவ்வளவுதான். அவரை அடித்துவிடலாம் போல எனக்குக் கோபம் வந்தது. என் தோள் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லியா என்று கேட்கத் தெரியவில்லை எனக்கு, இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவரும் இறங்குகிற குடும்பம்தான். நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன், பெருங்காய டப்பாவும் முட்டி வலியும் வியாழக்கிழமை பிளைட்டுமாக. பின்னால் ஒருத்தன் மூச்சு வாங்க ஏறி வருகிறான், அம்மா தெரியுதாம்மா, இன்னும் கொஞ்சம்தாம்மா என்று கத்திக்கொண்டே வருகிறான், என்னைத் தொலைத்துவிடுவோமோ என்று பயந்தவன் மாதிரி. சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும். முகம் மாறும். இந்த ஊரில் டாக்டரைத் தேடுவான், தூங்க மாட்டான், கிருத்திகாவுக்கு இன்னும் ஒரு ஆள் வேலை, பேத்திக்குப் பள்ளிக்கூடம், நான் ஒரு மூலையில் ஆடிக்கொண்டு, சோறு சிந்தி, ஒரு நாள் கட்டிலோடு கட்டிலாக, சீ, வேண்டாம், போன பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம், போனில் சொன்னால் முகம் தெரியாது. போனில் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாதா. நல்லா இருக்கேன்பா, நீ சாப்பிட்டியா. விக்டோரியா கண்ணைச் சிமிட்டுகிறாள். போடி.

எப்போது என்று தெரியவில்லை, முதுகை நாற்காலியில் விட்டிருக்கிறேன். இவ்வளவு நேரமும் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து, பிருஷ்டத்தைப் பாதி தூக்கியே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது, அப்படி உட்கார்ந்தால் எழுபத்தெட்டு என்ன எழுபத்தேழு ஆகிவிடுமா. தோள் இறங்கியது, கழுத்து இறங்கியது, வலது கை மடியில் தன் பாட்டுக்கு ஆடட்டும் என்று விட்டேன், ஆடியது. மூங்கில் மேலும் கீழுமாகக் கொஞ்சம் அசைகிறது, அவர்கள் நடைக்கு ஏற்ப, அந்த அசைவோடு நானும் அசைந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மாறன் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு என்னை மாற்றின ஆயாம்மா, வெத்தலை வாயோடு, ஒடம்ப விடு தாயி, நாங்க இருக்கோம்ல என்றாள். விட்டேன். எப்படித் தூக்கினாள் என்றே தெரியவில்லை. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை அவளிடம். இவர்கள் பேரும் தெரியாது. தெரியாதவர்கள் எத்தனை பேர் என்னை இங்கே வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், நன்றி என்று எப்போதாவது சொன்னேனா, நினைத்தாவது பார்த்தேனா. இப்போது நினைக்கிறேன். ஆயாம்மா, நன்றி. ரிக்‌ஷாக்காரரே, உங்களுக்கும். என்னங்க, உங்களுக்கும்தான், கோபம் எல்லாம் போய்விட்டது. பாறைச் சந்து முடிந்து வெளிச்சம் வந்தது. பனி கீழே போய்விட்டிருந்தது, நாங்கள் அதற்கு மேலே வந்துவிட்டோம், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பஞ்சு விரித்த மாதிரி மேகம், அதில் அங்கங்கே பாறைகள் தலையை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு தலையிலும் ஒரு மரம். மஞ்சள் இருக்கிறது. வெயில் படுகிற பாறையெல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அறுபத்து நாலு வயசில் இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே, இன்னொருத்தர் தோளில் உட்கார்ந்துகொண்டு.

இறக்கினார்கள். மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல். சியே சியே என்றேன், மாறன் சொல்லிக்கொடுத்த ஒரே வார்த்தை, நன்றி என்று அர்த்தம், முன்னவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் வலது கை அவர் கைக்குள் படபடவென்று ஆடியது. அவர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னவரை அப்போதுதான் பார்த்தேன், சின்ன வயசு, மூக்கு நுனியில் வியர்வை, வெட்கப்பட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். மாறன் வந்து சேர்ந்தான், பாத்தியா, பாத்தியா என்று மேகத்தையே காட்டிக்கொண்டு நின்றான், மலையையே அவன்தான் கட்டின மாதிரி. இப்போது வேண்டாம், இவ்வளவு சந்தோஷமாக நிற்கிறானே, ரூமுக்குப் போய்ச் சொல்லலாம், ஊருக்குப் போய். கை மூங்கிலைத் தட்டப் பார்க்கிறது. தட்டாதே.

"மாறா, எனக்கு முட்டி வலி இல்லடா."

"அப்பாடா. சரியாயிருச்சா?"

"இல்ல. மொதல்லேர்ந்தே முட்டி வலி கெடையாது. நடுக்குவாதம்னு சொன்னாரு டாக்டரு. பார்க்கின்சன். தை மாசத்துலேர்ந்து மாத்திரை சாப்புடுறேன். ஒங்கிட்ட சொல்லல."

அவன் மேகத்தைக் காட்டின கையை இறக்கவில்லை. அப்புறம் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தான். முகம் மாறியது, நான் பயந்த மாதிரியே மாறியது, உதடு கோணிக்கொண்டது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"தை மாசமா? தை மாசத்துலேர்ந்து தனியாவாம்மா?"

"ஆமாடா."

"அந்த வீட்ல, தனியா. விழுந்திருந்தா? யாரும்மா தூக்குவா?"

ஏறி வந்த படியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை நீ போகல."

இல்லப்பா, ஊர்ல வேலை கெடக்கு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சரி" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. சண்டை போடத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "இப்ப என்னம்மா செய்யணும் நானு? ஒக்காரணுமா? தண்ணி வேணுமா? சொல்லும்மா, என்ன செய்யணும்?"

என்ன செய்ய வேண்டும். யோசித்தேன்.

"குளிருதுடா. காலையிலேர்ந்து இந்தக் குளிர்ச் சட்டையோட ஜிப்ப மாட்ட எனக்குக் கை வரல. தெறந்தே போட்டுக்கிட்டு வந்துட்டேன். இதைக் கொஞ்சம் போட்டுவிடு."

அவன் எழுந்து வந்து என் முன்னால் முட்டி போட்டான். கல் ஈரமாக இருந்தது, பேன்ட் நனையும் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. கண்ணீர் மறைத்தோ என்னவோ, முதல் தடவை அவனாலும் மாட்ட முடியவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை, கையை விலக்கிக்கொண்டு, நெஞ்சைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டாம் தடவை ஜிப்பின் பல் பிடித்தது. அடிவயிற்றிலிருந்து தொண்டைக்குழி வரைக்கும் இழுத்துவிட்டான்.

"போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன்.